நொதுமலும் புவியும் எங்கே சேரலாம்? கொழும்பு வீடுகளின் புவித்தொடுப்புக்கு ஒரு வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் சமையலறையில், சலவை இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த ப்ளக் பொயின்றைக் கழற்றியபோது, நொதுமல் (நியூட்ரல்) முனையையும் புவி (எர்த்) முனையையும் இணைத்து விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கம்பித் துண்டு முறுக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அந்தச் சுவருக்குள் புவிக்கம்பியே வந்திருக்கவில்லை. முன்னர் வேலை செய்தவர், "ரெண்டும் கடைசியில ஒரே இடத்துக்குத்தானே போகுது" என்று வீட்டு அம்மாவிடம் சொல்லி அந்தத் துண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நொதுமல் கம்பி உண்மையிலேயே ஓரிடத்தில் புவியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த இடம் வீதியில் உள்ள மின்மாற்றியின் அடியில் இருக்கிறது. உங்கள் சமையலறைச் சுவருக்குள்ளோ, மின்மானிப் பெட்டிக்குள்ளோ, பிரதான சுவிட்ச் பலகையிலோ அது இல்லை, இருக்கவும் கூடாது. இந்த ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது, அதை வீட்டில் எவ்வாறு சரிபார்ப்பது, மின்பிறப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அது எங்கே மாறுகிறது என்பனவற்றை இங்கே விளக்குகிறேன்.

இரண்டு கம்பிகள், இரண்டு வேலைகள்

நொதுமல் கம்பி ஒவ்வொரு நாளும் வேலை செய்கிற கம்பியாகும். உயிர்க்கம்பி (லைவ்) வழியாக வீட்டுக்குள் வரும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே மின்மாற்றிக்குத் திரும்புகிறது. ஆகவே, கேத்தலும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது நொதுமலிலும் உயிர்க்கம்பியில் உள்ள அதே அம்பியர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தினால் நொதுமலின் நீளம் நெடுகிலும் சில வோல்ட் வீழ்ச்சி ஏற்படுகிறது. புவிக்கம்பியோ சாதாரண நாட்களில் எதையும் சுமப்பதில்லை. ஒரு பொருளின் உலோக உடலில் தவறுதலாக மின் ஏறும்போது மட்டும், அந்த மின்னோட்டத்தை வெளியே எடுத்துச் சென்று காப்புக் கருவியைத் துண்டிக்கச் செய்வதே அதன் பணி. வேலை செய்யும் கம்பியைக் காவல் கம்பியோடு இணைத்தால், நாம் கையால் தொடும் உலோகம் ஒவ்வொன்றும் அன்றாட மின்னோட்டப் பாதையின் ஓர் உறுப்பாகிவிடும்.

பழைய வயரிங்கில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, புவி பச்சை. புதியதில் முறையே கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். கொழும்பில் ஒரே வீட்டுக்குள் இரண்டு முறைகளும் கலந்திருப்பது வழமையாதலால், நிறத்தை மட்டும் நம்பி எந்த முனையையும் தொடக் கூடாது.

எங்கள் வீடுகளுக்கு மின் வரும் முறை

கொழும்பு நகருக்குள் 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரம், வீதி மின்மாற்றியில் மும்முனை (த்ரீ பேஸ்) 400 வோல்ட்டாகவும் ஒருமுனை (சிங்கிள் பேஸ்) 230 வோல்ட்டாகவும் இறக்கப்படுகிறது. மின்மாற்றியின் நொதுமல் முனையை வழங்குநரே அங்கே புவியோடு இணைக்கிறார். அங்கிருந்து சாதாரண வீடொன்றுக்கு வருபவை உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் மட்டுமே. புவிக்கம்பியை வழங்குநர் தருவதில்லை. வீட்டுக்காரர் தன் வளவில் சொந்தமாக ஒரு புவிக்கோலை அடித்து, அதிலிருந்து தன் புவிக்கம்பியைத் தொடங்க வேண்டும். பொறியியலாளர்கள் இதனை டீடீ முறை என்பார்கள்: மூலத்துக்கு ஒரு புவி, வீட்டுக்குத் தனியாக இன்னொரு புவி, இரண்டுக்கும் நடுவே இருப்பது மண் மட்டுமே.

நடுவே மண் இருப்பதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். உங்கள் புவிக்கோலின் தடை 40 ஓம், மின்மாற்றிப் புவியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சலவை இயந்திரத்துக்குள் உயிர்க்கம்பி உரிந்து உலோக உடலைத் தொட்டால், ஓடக்கூடிய மின்னோட்டம் 230 ஐ 50 ஆல் வகுத்த 4.6 அம்பியர்தான். அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானாக விழும் பிரேக்கரான எம்சிபி 32 அம்பியர் வகையாக இருந்தால், அதற்கு அது ஒரு சாதாரண சுமை. அது எக்காலத்திலும் விழாது. அதே வேளையில் இயந்திரத்தின் உடலில் 4.6 ஐ 40 ஆல் பெருக்கிய 184 வோல்ட் நின்றுகொண்டேயிருக்கும். எனவே புவிக்கோல் அடித்திருப்பது மட்டும் எம் முறையில் பாதுகாப்பு ஆகாது. புவிக்கோலும் ட்ரிப் சுவிட்ச்சும் சேர்ந்தே பாதுகாப்பு; ஒன்றில்லாமல் மற்றொன்று அரைவேலைதான்.

ட்ரிப் சுவிட்ச் என்று நாம் அழைக்கும் ஆர்சிசிபி, உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டத்தையும் நொதுமலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீடுகளுக்கு உரிய 30 மில்லிஅம்பியர் வகை, இரண்டுக்கும் இடையில் 30 மில்லிஅம்பியர் வேறுபாடு வந்தால் 0.3 செக்கனுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு வந்தால் 0.04 செக்கனுக்குள்ளும் துண்டிக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். மேற்சொன்ன 4.6 அம்பியர் கசிவு அதற்கு மிகப் பெரியது. எம்சிபி கண்டுகொள்ளாத அந்தப் பழுதை அது கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும்.

இணையக் காணொளிகளில் வேறு விதமாகக் காட்டுகிறார்களே?

இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க வீடுகளின் பிரதான பலகையில் நொதுமல் கட்டையையும் (நொதுமல் கம்பிகள் அனைத்தும் திருகப்படும் உலோகப் பட்டி) புவிக் கட்டையையும் ஒரு பச்சைத் திருகாணியாலோ செப்புத் தகட்டாலோ இணைப்பது கட்டாயம். அவர்களுடைய தேசிய மின் விதிக்கோவையின் 250 ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அவுஸ்திரேலியாவிலும் பிரதான பலகையில் இரண்டும் சேர்க்கப்படுகின்றன. அங்கே நொதுமலே பழுது மின்னோட்டத்தின் திரும்பு பாதையாகவும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மண்ணின் தடை குறுக்கே வராததால் பெரும் மின்னோட்டம் ஓடிச் சாதாரண பிரேக்கரே விழுந்துவிடும். பிரித்தானியாவிலும் பல வீடுகளில் வழங்குநர் தன் முத்திரையிட்ட பெட்டிக்குள் இவ்விணைப்பைச் செய்து தருகிறார். அப்படிச் செய்வதற்கு முன், நொதுமல் கம்பி அறுந்துபோகாதவாறும் வழியில் பல இடங்களில் புவியோடு இணைந்திருக்குமாறும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் ஏற்கிறார்.

அந்த நாடுகளிலும் அடிப்படை விதி எங்களுடையதேதான் என்பதைக் காணொளி பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். அமெரிக்க விதிக்கோவையின்படி, பிரதான பலகைக்கு அப்பால் உள்ள எந்தத் துணைப் பலகையிலும், எந்தப் ப்ளக் பொயின்றிலும் நொதுமலைப் புவியோடு இணைக்கக் கூடாது. இணைப்பு எந்த இடத்தில் என்பதுதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எங்கள் முறையில் அந்த இடம் மின்மாற்றி. அது வழங்குநரின் உடைமை. ஆகவே வீட்டுக்குள் இணைப்பதற்கு நமக்கு எதுவுமே மிச்சமில்லை.

சேர்த்தால் என்ன நடக்கும்

சேர்க்கும் இடத்தைப் பொறுத்து விளைவு வேறுபடும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று வகை இணைப்பையும் நான் கொழும்பு வீடுகளில் கண்டிருக்கிறேன். மூன்றிலும் வீட்டுக்காரர் ஆபத்தை உணராமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருந்தார்.

முதலாவது, ட்ரிப் சுவிட்ச்சுக்கு முன்னால், அதாவது மின்மானிப் பக்கத்தில் சேர்ப்பது. "எர்த் நன்றாக வேலை செய்யட்டும்" என்ற நல்லெண்ணத்தில் இதைச் செய்கிறார்கள். உண்மையில் பழுது மின்னோட்டம் கூடி எம்சிபியும் விழும் என்பதால், எல்லாம் முன்னைவிடச் சிறப்பாகிவிட்டது போலவே தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு கொப்பு முறிந்து வீதியின் நொதுமல் கம்பி அறும் நாளில்தான் கணக்கு மாறுகிறது. அப்போது 2 கிலோவாட் கேத்தல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அதன் தடை ஏறக்குறைய 26 ஓம். திரும்பிப் போக நொதுமல் இல்லாததால், மின்னோட்டம் உங்கள் இணைப்பு வழியாகப் புவிக்கோலுக்குள் இறங்கி, மண் வழியாக மின்மாற்றிக்குப் போகும். முன்னைய கணக்கின் இரண்டு புவிகளின் 50 ஓமோடு சேர்த்து மொத்தத் தடை 76 ஓம், மின்னோட்டம் ஏறக்குறைய 3 அம்பியர், புவிக்கோலில் ஏறும் அழுத்தம் ஏறக்குறைய 120 வோல்ட். அந்தக் கோலோடு இணைந்திருக்கும் குளிர்சாதனப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், குளியலறைக் குழாய் அனைத்திலும் அதே 120 வோல்ட் நிற்கும். உயிர்க்கம்பியில் போனது முழுவதும் நொதுமல் வழியாகவே ட்ரிப் சுவிட்ச்சைக் கடந்து வருவதால், அதற்கு எந்த வேறுபாடும் தெரியாது, அது விழாது. இணைப்பு பிரதான சுவிட்ச்சுக்கும் முன்னால் இருந்தால், சுவிட்ச்சை அணைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அறுந்த இடத்துக்கு இப்பால் உள்ள அயல்வீடுகளின் மின்னோட்டமும் உங்கள் கோலையே தேடி வரும். இணைப்பு இல்லாத வீட்டில் இதே நொதுமல் அறுந்தால், பொருட்கள் நின்றுபோகும் அல்லது தவறான வோல்ட்டில் பழுதாகும். உலோக உடல்களில் மட்டும் மின் ஏறாது. பொருள் போனால் வாங்கலாம்.

இரண்டாவது, ட்ரிப் சுவிட்ச்சுக்குப் பின்னால், வீட்டின் விநியோகப் பலகையில் சேர்ப்பது. இங்கே திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு சிறு பகுதி புவிக்கோல் வழியாகப் பிரிந்து போகும். நொதுமலில் 2 வோல்ட் வீழ்ச்சி இருந்து மண்பாதை 50 ஓமாக இருந்தால், அப்பகுதி 40 மில்லிஅம்பியர். ஆகவே பெரிய சுமை எதையாவது போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழும், மின்குமிழ்களை மட்டும் போட்டால் விழாது. காரணம் தெரியாதவர், "ட்ரிப் சுவிட்ச் பழுது" என்று முடிவெடுத்து அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடுவார். ஒரு வீட்டில் உயிர் காக்கும் ஒரேயொரு கருவி அகற்றப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்றாவது, கொட்டாஞ்சேனையில் நான் கண்டது: புவிக்கம்பி வராத ப்ளக் பொயின்றில் நொதுமலையும் புவி முனையையும் முறுக்கிவிடுவது. அந்தப் பொயின்றுக்கு வரும் நொதுமல் எங்காவது தளர்ந்தால், இயந்திரத்தின் சுருள் வழியாக வந்த மின் அதன் உடலில் 230 வோல்ட்டாக நிற்கும். வெளியே போகப் பாதையில்லாததால் ட்ரிப் சுவிட்ச்சுக்கு எந்தக் கசிவும் தெரியாது. ஈரக் காலோடு முதலில் தொடுபவரின் உடலே அந்தப் பாதையாகிறது. உயிரும் நொதுமலும் இடம் மாறிக் கொடுக்கப்பட்டிருந்தால், எதுவும் தளர வேண்டிய அவசியம்கூட இல்லை. ப்ளக்கைச் செருகியவுடனேயே உடலில் மின் நிற்கும்.

புவித்தொடுப்பைச் சரியாகச் செய்வது

இந்த வேலைகளைத் தேசிய தொழிற்தகைமை பெற்ற ஒரு மின் தொழிலாளரே செய்ய வேண்டும். மின்மானியும் அதற்கு முன்னுள்ள வழங்குநரின் உருகியும் முத்திரையிடப்பட்டவை. அவற்றை எவரும் திறக்கக் கூடாது. ஆயினும் செய்பவர் என்ன செய்கிறார் என்று வீட்டுக்காரர் புரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பது மிகவும் நல்லது.

புவிக்கோலுக்குச் செப்பு பூசிய உருக்குக் கோலை வாங்குங்கள். புறக்கோட்டை மின்பொருள் கடைகளில் 4 அடி, 8 அடி நீளங்களில் கேட்கலாம். பணத்தை மிச்சம் பிடிக்க 4 அடியை எடுப்பவர்கள் ஒரு கணக்கை அறிந்திருப்பது நல்லது. மண்ணின் தடைத்திறன் 100 ஓம்-மீற்றர் என்று கொண்டால், 16 மில்லிமீற்றர் தடிப்புள்ள 1.2 மீற்றர் (4 அடி) கோலின் தடை ஏறக்குறைய 72 ஓம், 2.4 மீற்றர் (8 அடி) கோலின் தடை ஏறக்குறைய 40 ஓம். தடிப்பைக் கூட்டுவதால் வரும் நன்மை சிறிது. ஆழத்தைக் கூட்டுவதால் வரும் நன்மை பெரிது. அத்துடன் ஆழமான மண் வரட்சிக் காலத்திலும் ஈரமாக இருக்கும். செம்பூரான்கல் நிலத்தில் மேல்மண் காய்ந்து தடை ஏறுவதைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அளந்தால் தெரியும்; மழைக்காலத்தில் மட்டும் அளந்து திருப்திப்படக் கூடாது. ஒரு கோல் போதாவிட்டால், இரண்டாவதை முதலாவதின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் அடித்து இரண்டையும் இணைக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் இரண்டாவது கோலின் பயன் பெருமளவு வீணாகும்.

குழிக்குள் உப்பும் கரியும் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உப்பு முதல் சில மாதங்களுக்குத் தடையைக் குறைக்கும். பின்னர் மழை அதைக் கரைத்துக்கொண்டு போகும், போவதற்குள் கோலையும் கிளாம்பையும் அரித்துவிடும். தடையைக் குறைக்க வேண்டுமானால் பென்ரனைட் களி பயன்படுத்துவதே மேல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடற்கரைப் பக்கத்தில் உப்புக்காற்றே போதிய அரிப்பைச் செய்கிறது. அங்கே இரும்புக் கிளாம்பைத் தவிர்த்துப் பித்தளை அல்லது வெண்கலக் கிளாம்பைப் போட்டு, கிறீஸ் ஊறிய நாடாவால் சுற்ற வேண்டும். கிளாம்பு இருக்குமிடத்தைக் கொங்கிறீட்டால் மூடிவிடாமல், திறந்து பார்க்கக்கூடிய ஒரு சிறு மூடியோடு குழியாக விடுங்கள். தரைக்கு ஓடு பதிக்கும்போது புவிக்கோல் மறைந்துபோய், பிறகு எவருக்கும் அது எங்கே என்று தெரியாமல் போன வீடுகள் பல.

கோலிலிருந்து பலகையின் புவிக் கட்டைக்கு வரும் கம்பி பச்சை-மஞ்சளாக, இடையில் எந்த மூட்டும் சுவிட்ச்சும் இல்லாமல், குழாய்க்குள் பாதுகாப்பாக வர வேண்டும். வீடுகளுக்கு 10 சதுர மில்லிமீற்றரை நான் பரிந்துரைக்கிறேன். குழாய் இல்லாமல் நேரே மண்ணில் புதைப்பதாயின் 16 க்குக் குறையக் கூடாது. பலகைக்குள் புவிக் கட்டையும் நொதுமல் கட்டையும் தனித்தனியே, ஒன்றையொன்று தொடாமல் பொருத்தப்பட வேண்டும். சில மலிவான உலோகப் பெட்டிகளில் நொதுமல் கட்டை காப்புப் பிடிகள் இல்லாமல் நேரே பெட்டியின் உடலில் திருகப்பட்டிருக்கும். பெட்டியின் உடல் புவியோடு இணைந்தவுடன் அது நாம் செய்யாமலே நடந்த நொதுமல்-புவி இணைப்பாகிவிடும்.

ட்ரிப் சுவிட்ச் வீட்டின் எல்லாச் சுற்றுகளையும் காக்க வேண்டும். உயிரையும் நொதுமலையும் சேர்த்தே துண்டிக்கும் இருமுனை வகையாக இருக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் ட்ரிப் சுவிட்ச்சில் ஏசி (AC) வகையைவிட ஏ (A) வகையை எடுப்பது நல்லது, ஏனென்றால் இன்வேர்ட்டர் குளிரூட்டியும் சலவை இயந்திரமும் கசியவிடும் மின்னோட்டத்தை ஏசி வகை சரியாக உணராமல் போகலாம். இரண்டு ட்ரிப் சுவிட்ச் உள்ள பலகையில் ஒவ்வொன்றுக்கும் தனி நொதுமல் கட்டை வேண்டும். ஒன்றின் உயிர்க்கம்பிக்கு மற்றதன் நொதுமலைக் கொடுத்தால் இரண்டும் விழுந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர்க் குழாயைப் புவிக்கோலாகக் கொள்ளும் பழைய வழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டும். வீதியிலிருந்து வரும் குழாய்கள் இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக். நடுவில் ஒரு முழம் மாற்றினாலே உங்கள் புவி அறுந்துபோகும். ஆனால் வீட்டுக்குள் உலோகக் குழாய்கள் இருந்தால், அவற்றைப் புவிக் கட்டையோடு இணைப்பது அவசியம். குழாயைப் புவியாகப் பயன்படுத்துவது ஒன்று, குழாயைப் புவியோடு இணைத்துச் சம அழுத்தத்தில் வைத்திருப்பது வேறொன்று. பிந்தியதே குளியலறையில் ஒரு கையால் வாட்டர் ஹீட்டரையும் மறு கையால் குழாயையும் பிடிப்பவரைக் காக்கிறது. கூரையில் இடிதாங்கி இருந்தால் அதன் புவிக்கோலையும் மின் புவிக்கோலோடு இணைத்துவிட வேண்டும். "கணினிக்குத் தனி எர்த்" என்று இணைப்பில்லாத ஒரு கோலை அடித்தால், ஏப்ரல், ஒக்டோபர் மாத இடிமின்னலில் இரண்டு கோல்களுக்கும் இடையே எழும் அழுத்தம் முழுவதும் அந்தக் கணினியின் மேலேயே விழும்.

சரிபார்ப்பது

ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். புவிக்கோல் வேலை செய்கிறது என்று அர்த்தமல்ல. அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே உயிருக்கும் நொதுமலுக்கும் இடையில் ஒரு சிறு வேறுபாட்டை உண்டாக்குகிறது. வீட்டில் புவிக்கோலே இல்லாவிட்டாலும் பொத்தானை அழுத்தினால் அது விழும். இதை அறியாமல் நிம்மதியாக இருப்பவர்கள் மிக அதிகம்.

மல்ரிமீற்றரால் ப்ளக் பொயின்றை அளக்கும்போது உயிர்-நொதுமல் 230, உயிர்-புவி ஏறக்குறைய 230, நொதுமல்-புவி ஓரிரு வோல்ட் என்று காட்டுவது இயல்பு. உயிர்-புவி 230 காட்டுவதால் புவி நல்லது என்று கொள்ள வேண்டாம். மல்ரிமீற்றர் எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் துருப்பிடித்த கோலும் அதற்கு நன்றாகவே தெரியும். கவனிக்க வேண்டியது நொதுமல்-புவி அளவீடு. அதே சுற்றில் கேத்தலை ஓடவிட்டு அளந்தால் அது சற்று ஏற வேண்டும். பெரிய சுமையிலும் அது பூச்சியத்தை விட்டு அசையாமல் நின்றால், அந்தப் பொயின்றிலோ அதற்கு அருகிலோ யாரோ இரண்டையும் சேர்த்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க, தொழிலாளர் பிரதான சுவிட்ச்சை அணைத்து, மின் இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பின்னர், எல்லாப் பொருட்களையும் கழற்றிவிட்டு நொதுமல் கட்டைக்கும் புவிக் கட்டைக்கும் இடையில் தடையை அளப்பார். முதலில் மல்ரிமீற்றரால் பார்த்துச் சில ஓம் மட்டுமே காட்டினால் எங்கோ நேரடி இணைப்பு உண்டு. அப்படியில்லாவிட்டால் காப்புத் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகரால் அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நொதுமல் கட்டையிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து வந்தால், எந்தச் சுற்றில் பழுது என்று பிடிபடும். பிறகு அந்தச் சுற்றின் பொயின்றுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதுதான். இதற்குப் பொறுமை வேண்டும், அரை நாள் போகலாம். திறந்த பொயின்றில் புவிக்கம்பியே இல்லையென்று தெரிந்தால், முறுக்கிய துண்டை வெட்டியதோடு நிறுத்தாமல், பலகையிலிருந்து புதிய புவிக்கம்பி இழுக்கும்வரை அந்தப் பொயின்றை மூடிவிட வேண்டும்.

ஒரு விதிவிலக்கையும் இங்கே சொல்ல வேண்டும். மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சேர்ஜ் காப்புக் கருவி நொதுமலுக்கும் புவிக்கும் இடையில் பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண வேளையில் அது மின்னைக் கடத்தாது. அதை இணைப்பு என்று எண்ணிக் கழற்றிவிடாதீர்கள். ஆனால் மெகரால் அளக்குமுன் அதைத் தற்காலிகமாக விலக்க வேண்டும்.

புவிக்கோலின் தடையை அளக்க, இரண்டு துணைக் கோல்களைத் தூரத்தில் நட்டு அளக்கும் முறையே முறையானது. அடுத்தடுத்து மதில் உள்ள கொழும்பு வளவுகளில் அதற்கு இடம் கிடைப்பது அரிதாகையால், புவிச் சுற்றுத் தடையை அளக்கும் கருவியால் ப்ளக் பொயின்றிலேயே பார்க்கலாம். மின்மாற்றிப் புவியும் சேர்ந்து வருவதால் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும், அது பாதுகாப்பான பக்கம்தான். விதியின்படி கோலின் தடையை ட்ரிப் மின்னோட்டத்தால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 30 மில்லிஅம்பியருக்கு அது 1,666 ஓம் என்று வரும். ஆனால் 200 ஓமுக்கு மேற்பட்ட கோல் நிலையானதாக இராது என்று எங்கள் பொறியியலாளர்கள் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் தரமான பிஎஸ் 7671 எச்சரிக்கிறது. நான் 50 ஓமுக்குக் கீழே வரும்வரை விடுவதில்லை.

மின்பிறப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்தபோது கொழும்பில் எத்தனையோ வீடுகளுக்குச் சிறிய மின்பிறப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் பல இன்னும் பாவனையில் உள்ளன, பல பிழையாகவே இணைக்கப்பட்டும் உள்ளன. இங்கேதான் நொதுமல்-புவி விதி வீட்டுக்காரரின் கைக்கு வருகிறது. மின்பிறப்பாக்கி ஒரு புதிய மூலம். அதன் உடைமையாளர் நீங்கள். ஆகவே அதன் நொதுமல் எங்கே புவியோடு சேர்கிறது என்பது உங்கள் பொறுப்பு.

சிறிய மின்பிறப்பாக்கிகளின் நொதுமல் பெரும்பாலும் எதனோடும் இணைக்கப்படாமல் மிதந்தபடியே வருகிறது. அதிலிருந்து நேரடியாக ஒரு நீட்டிப்புக் கம்பியில் மின்விசிறியும் மின்குமிழும் ஓட்டுவதானால் அப்படியே விடலாம். ஆனால் அதை வீட்டின் பலகைக்குக் கொடுத்தால், கசிவு மின்னோட்டம் திரும்பப் பாதையின்றி ட்ரிப் சுவிட்ச் உறங்கிவிடும். எனவே பலகைக்குக் கொடுக்கும் மின்பிறப்பாக்கியின் நொதுமலை, வீட்டை வீதி மின்னிலிருந்து மின்பிறப்பாக்கிக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சின் மின்பிறப்பாக்கிப் பக்கத்தில், ட்ரிப் சுவிட்ச்சுக்கு முன்னால், ஒரேயோர் இடத்தில் உங்கள் புவிக்கோலோடு இணைக்க வேண்டும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் உயிரையும் நொதுமலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்: ஒருமுனை மின்னுக்கு இருமுனைச் சுவிட்ச் (டபிள் போல்), மும்முனை மின்னுக்கு நான்குமுனைச் சுவிட்ச் (போர் போல்). உயிரை மட்டும் மாற்றும் சுவிட்ச்சைப் போட்டால், மின்பிறப்பாக்கியின் நொதுமல்-புவி இணைப்பு வழங்குநரின் நொதுமலோடும் சேர்ந்துவிடும். மேலே முதலாவதாகச் சொன்ன ஆபத்து பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இரு முனையிலும் ப்ளக் உள்ள கம்பியால் மின்பிறப்பாக்கியைச் சுவர்ப் பொயின்றில் செருகுவதை எக்காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். பிரதான சுவிட்ச்சை அணைக்க மறந்தால், உங்கள் 230 வோல்ட் வீதி மின்மாற்றியில் பின்னோக்கி ஏறி 11,000 வோல்ட்டாகும். மின் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் கை அங்கே இருக்கும்.

மின்கலத்தோடு கூடிய சூரிய இன்வேர்ட்டர்களிலும் இதே விதிதான். பல வகைகள் வழங்குநரின் மின் நின்றவுடன் தமக்குள்ளேயே நொதுமலையும் புவியையும் சேர்த்து, மின் வந்தவுடன் பிரித்துவிடுகின்றன. பொருத்துபவரிடம் அந்த அமைப்பு இருக்கிறதா, இயக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வெளியே இன்னோர் இணைப்பைப் போட விடாதீர்கள்.

சொந்த மின்மாற்றி உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களில் இணைப்பு கட்டடத்தின் பிரதான அறையில் செய்யப்பட்டு, அங்கிருந்தே புவிக்கம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது. அங்கே வசிப்பவர் புவிக்கோல் அடிக்க வேண்டியதில்லை. நொதுமலைத் தன் பலகையில் புவியோடு சேர்க்கவும் கூடாது.

வேலை முடிந்ததும் பலகைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டச் செய்யுங்கள். புவிக்கோல் வளவில் எந்த மூலையில் இருக்கிறது, அளந்த தடை எத்தனை ஓம், அளந்த திகதி, ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லிஅம்பியர் ஆகியவற்றோடு, "இந்த வீட்டில் நொதுமலும் புவியும் எங்கும் இணைக்கப்படவில்லை" என்றோ, மின்பிறப்பாக்கி இருந்தால் "மின்பிறப்பாக்கிப் பக்கத்தில் மட்டும் இணைக்கப்பட்டுள்ளது" என்றோ தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பலகையைத் திறக்கப்போகும் பாஸ் எந்த மொழி பேசுபவராக இருப்பார் என்று இன்றைக்குத் தெரியாது.